நாக்கு தொட்ட இரும்பு

மக்காச்சோளக் கூழை வாயில் வைத்ததுமே அகின்லாபிக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கும் அதே ருசிதான். துருவேறிய ஆணியை நாக்கின் மேல் வைத்து வாயை மூடிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி. வெட்டுப்பட்ட விரலை அவசரத்துக்கு வாயில் வைத்து உறிஞ்சும்போது, உப்பும் உலோகமும் கலந்து அடித்தொண்டை வரைக்கும் ஒரு ஈரம் இறங்குமே, அப்படி.

முதலில் கரண்டிமேல் சந்தேகப்பட்டான். பிறகு பாத்திரத்தின்மேல், பிறகு குழாய்த் தண்ணீரின்மேல். கரண்டியை மாற்றிப் பார்த்தான், தண்ணீரை மாற்றிப் பார்த்தான். வாழைப்பழத்தை உரித்து அப்படியே தின்றாலும் இரும்பு. உமிழ்நீரை விழுங்கினாலும் இரும்பு.

"இதை எதுல காய்ச்சின?" என்று கேட்டான்.

"மண்சட்டியில. நீங்க சொன்னபடியே" என்றாள் மொரெனிகே. கடைக்குப் புறப்பட்டுத் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். சந்தையில் அவளுக்குத் துணிக்கடை.

"கலக்கினது?"

"மரக் கரண்டி. அடுப்பு மட்டும்தான் இரும்பு. அதையும் தூக்கிப் போட்டுட்டு வெயில்ல வச்சுக் காய்ச்சட்டுமா? டாக்டரு பித்தம்னு மாத்திரை கொடுத்தா, அதுலயும் இரும்பு நெடி அடிக்குதுங்கிறீங்க. உங்க மாதிரி ஒரு நோயாளியை இந்த இகாவோ ஊரே பார்த்திருக்காது."

வாயைத் திறந்தால் அந்த வாடை அவளுக்கும் அடித்துவிடுமோ என்று சில நாட்களாக அவனுக்கு ஒரு கூச்சம்.

வாசல்வரை போனவள் நின்று கிழக்கே பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "இங்க வந்து பாருங்களேன். எப்படிக் கறுத்திருக்கு! இந்தப் புழுதிக்கெல்லாம் இன்னிக்கு ஒரு முடிவு. முதல் மழை வரப் போகுது."

அவன் கையில் இருந்த கிண்ணம் நழுவியது. உடையவில்லை. கூழ் மட்டும் சிமெண்டுத் தரையில் மெல்லப் பரவியது.

மழை என்ற சொல்லுக்கு அவன் ஏன் அப்படி நடுங்கினான் என்றால், போன மழைக்காலத்திலிருந்து சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே அவோரா ஆற்றின் மேல் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு பாலம் கிடக்கிறது. ஒரு நாள் அதன் ஓரம் சரிந்து, பரீட்சைக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போன பள்ளி வேன் வெள்ளத்தில் விழுந்தது. அடுத்து வந்தது தேர்தல். வட்டாரத் தலைவர் பதவிக்கு நின்றவர்கள் எல்லாரும் அரிசியோடும் புதுத்துணியோடும் வந்து, பாலம் கட்டித் தருகிறோம் என்றார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அரிசியைத் தொடவில்லை. போன தடவை பைபிளைத் தொட்டுச் சொன்னீர்கள், அதற்கு முந்தின தடவை குர்ஆனைத் தொட்டுச் சொன்னீர்கள், அந்தப் புத்தகங்களுக்கு மன்னிக்கிற மனசு, எங்களுக்கு மன்னிக்காதது வேண்டும், இரும்பைத் தொடுங்கள் என்றார்கள். இரும்புக்கு உடைய தெய்வம் ஓகுன். அவனை நாவால் தொட்டுப் பொய் சொன்னவன் இரும்பாலேயே போவான் என்பதில், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவனுக்கும் சரி, வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போகிறவனுக்கும் சரி, அங்கே சந்தேகமே கிடையாது.

வேட்பாளர்களில் ஒருவரான ஃபாசன்யாவுக்கும் சந்தேகம் இல்லை. அதனால்தான் காரில் வைத்து அகின்லாபியிடம் சொன்னார்: "சோடே கிழவனோட ஓகுன் கோயில் இரும்பு எனக்கு வேண்டாம். எங்க தாத்தா அதைத் தொட்டுப் பொய் சொல்லித்தான் செத்தாருன்னு எங்க வீட்ல பேச்சு. நீ ஏதாவது ஒரு துண்டு இரும்பைப் பிடிச்சுக் கொண்டு வா. ஊருக்கு எல்லாம் ஒண்ணுதான்."

அகின்லாபி அவருக்கு வலக்கை. கெட்டிக்காரன் என்று பெயர். கோயில் பூசாரி சோடே கிழவர் வெளியூர்ச் சாவுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துக் கூட்டத்தை வைத்தான். மெக்கானிக் காமொருவின் பட்டறைக் குவியலிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு கம்பியை எடுத்துப் போடச் சொல்லி வாங்கினான். சிவப்புத் துணியில் சுற்றி, பனங்குருத்தோலையைக் கட்டி, கோயிலிலிருந்து வந்ததுபோல் இரு கையாலும் ஏந்திச் சந்தை மைதானத்துக்கு நடந்தான். கூட்டம் வழிவிட்டது.

"கொண்டு வந்தவன் முதல்ல நாக்கை வைக்கட்டும்!" என்று ஒரு குரல் கேட்டது. இயா தாயோ. தாயோ அந்த வேனில் போனவன். அவன் போன பிறகும் அவள் பெயர் தாயோவின் அம்மாதான். "விஷம் கிஷம் தடவியிருந்தா? முதல்ல இவன் வைக்கட்டும், அப்புறம் அவரு வைக்கட்டும்."

அகின்லாபி சிரித்துக்கொண்டே நாக்கை வைத்தான். பழைய இரும்புதானே.

அதன்பின் ஃபாசன்யா குனிந்தார். நிமிர்ந்து உரத்த குரலில் சொன்னார்: "அடுத்த மழை விழறதுக்குள்ள பாலம் எழும்பலைன்னா, இந்த இரும்பைத் தொட்ட வாயை இரும்பே கேட்கட்டும்!"

"ஆகட்டும்" என்றது கூட்டம்.

அவர் ஜெயித்தார். ஆற்றங்கரையில் ஒரு கூடை மண்கூட விழவில்லை.

வட்டாரத் தலைவராகிவிட்ட அவருடைய சேர்மன் அலுவலகத்தில், கூழ் சிந்திய அன்று முற்பகலிலிருந்து அவனைக் காக்க வைத்தார்கள். ஒரு காலத்தில் கதவைத் தட்டாமல் உள்ளே போனவன். நடைவழியில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். அவன் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான். தலைக்குமேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தன் கொக்கியில் உரசி முனகியது. அந்த முனகல் வரும்போதெல்லாம் அவன் நாக்கின் நடுவில் எதுவோ இழுத்தது. உள்ளே போனவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் போனார்கள், சாப்பாட்டுத் தட்டு போயிற்று, எலும்போடு திரும்பி வந்தது. எழுத்தர் அவனைப் பார்த்து, "இன்னும் போகலையா?" என்று மட்டும் கேட்டான்.

ஒருவழியாக உள்ளே விட்டபோது ஃபாசன்யா நீண்ட வெள்ளை அங்கியின் கைகளைத் தோளுக்கு மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். தேவாலயத்தில் நன்றி ஆராதனையாம்.

"பாலத்துக்கு ஒரு லாரி ஜல்லியாவது இன்னிக்கு இறக்கிடுங்க, சேர்மன். பேருக்காவது."

"மறுபடியும் அதானா? கோப்பு மேல போயிருக்கு. மேல இருக்கிறவன் கீழ அனுப்பணும். நான் என்ன, தலையில சுமந்தா பாலம் கட்டுறது?"

"போன மாசமும் இதைத்தான் சொன்னீங்க."

"போன மாசமும் அது மேலதான் இருந்துச்சு."

"மழை வரப் போகுது சேர்மன். சத்தியம் பண்ணியிருக்கு."

ஃபாசன்யா வயிறு குலுங்கச் சிரித்தார். "யாரு பண்ணினா? அட மடையா, நான் துணியைத்தானே முத்தம் வச்சேன். உன் கையிலதானே இருந்துச்சு, நீ பார்க்கலை? அந்த இரும்பு என் உதட்டுல படவே இல்லை."

அகின்லாபி ஒரு அடி பின்வாங்கினான்.

"அதுவும் எந்த இரும்பு? நீ குப்பையில பொறுக்கினது. குப்பைக்குப் பயப்படுறவனை வச்சுக்கிட்டு நான் என்ன அரசியல் பண்றது? போ. போய்த் தூங்கு."

மடித்துவிட்ட அங்கிக் கைக்குள், முழங்கைக்கு மேலே, தோலால் தைத்த தாயத்து ஒன்றல்ல, அடுக்காகக் கட்டியிருந்தார். பயப்படாதவர் அவ்வளவு கட்டமாட்டார்.

வெளியே வெயில் இல்லை. வெயில் போன மாதிரியும் இல்லை. வானம் முழுக்கப் பித்தளை நிறத்தில் ஒரு வெளிச்சம் தேங்கி நின்றது. காற்று அசையவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, "ஏறிக்கிறீங்களா?" என்று கேட்டுப் போனார்கள். சில நாட்களாக அவன் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. நடந்தான்.

தெருமுனையில் இயா தாயோ காராமணி வடை போட்டுக்கொண்டிருந்தாள். "இரும்பு தூக்கி! வா, வா" என்று கூப்பிட்டாள். அந்தப் பெயரை அவனுக்கு வைத்தவள் அவள்தான். "மானத்தைப் பார்த்தியா? ஆத்தங்கரையில ராத்திரியோட ராத்திரியா ஏதாவது கட்டி வச்சிருக்கீங்களோ, எனக்குத்தான் கண்ணு தெரியலையோ?"

"கோப்பு மேல போயிருக்கு அம்மா." தன் வாயிலிருந்து அதே சொல் வந்ததைக் கேட்டு அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

"அவரை விடு. அவரு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும். நீதான் நாக்கை நல்லா வச்ச, நான் கண்ணால பார்த்தேன். அதனால உன்னை நம்பித்தான் இருக்கேன்." காகிதத்தில் இரண்டு வடையைச் சுற்றி அவன் கையில் திணித்தாள். "தின்னு. இளைச்சுக் கிடக்க. உன் வயசுக்கு இது நல்லா இல்லை."

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கரிசனமாகத்தான் சொன்னாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்குத் தொண்டைவரைக்கும் வந்தது. தொண்டையில் இரும்பு இருந்தது. அவள் பார்வையிலிருந்து மறைந்ததும் வடையைச் சாக்கடையில் போட்டான். ஒரு செவலை நாய் அதை முகர்ந்தது. தின்னாமல் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவன் பின்னாலேயே நடந்து வந்தது.

சோடே கிழவரின் கொல்லுப்பட்டறைக்கும் ஓகுன் கோயிலுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரு பக்கம் உலை, மறுபக்கம் குருத்தோலைத் தோரணத்துக்குக் கீழே எண்ணெய் வழிந்து கறுத்த இரும்புக் குவியல். கிழவர் வீங்கிய காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்து, மண்வெட்டி ஒன்றைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அகின்லாபி குனிந்து வணங்கி, எல்லாவற்றையும் சொன்னான்.

கிழவர் தட்டுவதை நிறுத்தவில்லை. "என் இரும்பு அன்னிக்கு எங்கேயும் போகலை. ஊர்லேர்ந்து வந்ததும் கேள்விப்பட்டேன். முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரலை."

"ஏன் பாபா ஊர்ல சொல்லலை?"

"யாரு என்னைக் கேட்டா? தேர்தலுக்கு முந்தின வாரம் என் வாசல்ல வரிசையா காரு நிக்கும். ஜெயிக்கணும் பாபா, எதிரி வாயைக் கட்டணும் பாபா. மறுவாரம் நாய்தான் நிக்கும். காலு வீங்கி இப்படிக் கிடக்கேன், ஒருத்தன் எட்டிப் பார்த்தானா?"

"அப்போ அது கோயில் இரும்பே இல்லைன்னா, அதுமேல பண்ணின சத்தியமும் சத்தியம் இல்லைதானே பாபா? அதை மட்டும் உங்க வாயால சொல்லிடுங்க."

கிழவர் சுத்தியலால் இரும்பு அடைகல்லைத் தட்டினார். "இது யாருது?" கூரைத் தகரத்தைக் காட்டினார். "அது யாருது?" அவன் இடுப்பைக் காட்டினார். "உன் பெல்ட்டு வளையம் யாருது? உன் பேன்ட்டு ஜிப்பு யாருது? நான் வச்சிருக்கிறது அவனோட ஒரு துண்டு. அவ்வளவுதான். மத்ததுல எல்லாம் அவன் இல்லைன்னு உனக்கு யாரு சொன்னது?"

உலையின் தீ அடங்கி ஒருமுறை மூச்சு விட்டது.

"யாரு நாக்கு பட்டுச்சு?"

அகின்லாபி தன் வாயைத் தொட்டுக் காட்டினான்.

"வாயைத் திற."

திறந்தான். கிழவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்க்கவில்லை. முகத்தைத் தீயின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மூடு" என்றார்.

"என்ன தெரிஞ்சுது பாபா?"

"மூடுன்னு சொன்னேன்ல." அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. "அந்தக் கம்பியை எடுத்துட்டு வா. மழைக்கு முன்னாடி. செம்பனை எண்ணெய் ஊத்தி, கள்ளு ஊத்தி, கேட்டுப் பார்ப்போம். விடுவான்னு நான் சொல்லமாட்டேன். கேட்டுத்தான் பார்ப்போம். அப்புறம், அது எங்கேர்ந்து வந்த இரும்புன்னு விசாரிச்சுட்டு வா. முன்னே பின்னே தெரியாததுகிட்ட என்னன்னு பேச்சு ஆரம்பிக்கிறது?"

காமொரு ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. "ஒகா!" என்று அங்கிருந்தே கூவினான். முதலாளிமார்களை அவன் கூப்பிடுவது அப்படித்தான். "சேர்மனோட வலக்கை நடந்து வருது! உலகம் இன்னிக்கே அழியப் போகுது, நான் இன்னும் குளிக்கக்கூட இல்லை."

"டேய் காமொரு, தேர்தல் சமயத்துல உங்கிட்ட ஒரு கம்பி எடுத்துட்டுப் போனேனே, அது எந்த வண்டியோடது?"

லாரிக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

"அன்னிக்கு நான் எடுத்துக் கொடுத்ததா? மாமரத்தடியா?"

"ஆமாம்."

காமொரு தரையோடு சறுக்கி வெளியே வந்தான். எழுந்து உட்கார்ந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமான பிறகும் துடைத்தான். "மாமரத்தடியில அப்போ ஒரு வண்டிதான் கிடந்துச்சு. ஸ்கூல் வேனு. ஆத்துலேர்ந்து தூக்கி இங்கதான் போட்டாங்க. அறுத்து அறுத்து வித்தேன். நீங்க கொண்டுபோனது வழவழன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"முன் சீட்டு முதுகுல குறுக்கே ஒரு கம்பி ஓடும். பின்னாடி உட்கார்ற பிள்ளைங்க பிடிச்சுக்கிறது. பிடிச்சுப் பிடிச்சு பெயின்ட்டெல்லாம் போயிருக்கும்."

"ஏன்டா அப்பவே சொல்லலை?"

"நீங்க கேட்டீங்களா ஒகா? காரை விட்டே இறங்கலை. 'டேய், முழ நீளத்துல ஒண்ணு எடுத்துப் போடு'ன்னீங்க. போட்டேன்." அவன் குரல் இறங்கியது. "வேனைத் தூக்கினப்போ நானும் கூட இருந்தேன். அந்தக் கம்பியை விடவே இல்லை, பிள்ளைங்க. ஒவ்வொரு விரலாப் பிரிச்சுத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு."

கிழக்கே முதல் இடி கேட்டது. வெகுதூரத்தில். எங்கோ ஒரு பெரிய இரும்புக் கதவை யாரோ நிதானமாக இழுத்து மூடுவதுபோல்.

அகின்லாபி ஓடினான்.

கூட்டம் முடிந்த அன்றைக்கே அந்தக் கம்பியை வீட்டுக்குப் பின்புறம் வீசியது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. வீடு பாதி கட்டி முடிந்திருந்த சமயம். உடைந்த செங்கல்லும் சிமெண்டுச் சாக்கும் பலகைத் துண்டுகளும் இன்னும் அங்கேயே குவிந்து கிடந்தன. அவற்றையெல்லாம் கையால் கிளறினான். விரல்நுனி கிழிந்தது. ஆணி கிடைத்தது, கம்பிச்சுருள் கிடைத்தது, நசுங்கிய வாளி ஒன்று கிடைத்தது, அது மட்டும் இல்லை. புரட்டிய பலகையையே திரும்பத் திரும்பப் புரட்டினான். அழுகை வந்தது. நாலு பேரைத் தேடி அலைந்து, நாலு பேரிடமும் பேச்சு வாங்கி, கடைசியில் ஒரு துண்டு இரும்பு, ஊரெல்லாம் காலில் இடறுகிற இரும்பு, அவனுக்கு மட்டும் கிடைக்கமாட்டேன் என்கிறது. செவலை நாய் சுற்றுச்சுவருக்கு அப்பால் உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் வந்து மொரெனிகேயைக் கூப்பிட்டான். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடி. கிடைத்து அறுந்தது. கைப்பேசியைத் தூக்கி ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினான்.

"பின்னாடி ஒரு கம்பி கிடந்துச்சே, பார்த்தியா?"

"எந்தக் கம்பி? கேட்கலைங்க, சத்தமாச் சொல்லுங்க. இங்க எல்லாரும் கடையை மூடுறாங்க, காத்து எழும்பிடுச்சு."

"முழ நீளம். வழவழன்னு."

"ஓ, அதுவா? அதை வெல்டர்கிட்ட கொடுத்தேனே! ஜன்னல் கிராதிக்குக் குறுக்குக் கம்பி ஒண்ணு குறையுதுன்னு நின்னான். இது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துச்சு. நல்ல கம்பிங்க, இன்னும் துருவே பிடிக்கலை."

"எந்த ஜன்னல்?"

"நாம படுக்கிற அறை. உங்க தலைமாட்டு ஜன்னல்."

"எப்போ?"

"எப்போன்னா... உங்களுக்கு வாய்க்கசப்பு ஆரம்பிச்சுதே, அந்த வாரம்தான். என்னங்க? என்னங்க?"

அவன் கைப்பேசியைக் கட்டிலின்மேல் போட்டான்.

அவன் நின்றிருந்தது அந்த ஜன்னலின் முன்னால்தான். கிராதிக் கம்பிகள் எல்லாம் கறுப்புச் சாயம் பூசியவை. நடுவில், நெஞ்சுயரத்தில், குறுக்கே ஓடிய ஒன்று மட்டும் சாயத்தை ஏற்கவில்லை. கூழாங்கல்போல் பளபளத்தது. வெளியே மாலை வெளிச்சம் பித்தளையிலிருந்து செம்புக்கும் செம்பிலிருந்து கரிக்கும் மாறிக்கொண்டிருக்க, அந்தக் கம்பி மட்டும் தன் வெளிச்சத்தைத் தானே வைத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக அதற்குக் கீழேதான் தலையை வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறான்.

இன்னும் மழை விழவில்லை. அறுத்து எடுத்துவிடலாம். ஓட்டமாகப் போனால் கிழவரின் பட்டறை பக்கம்தான்.

இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடைக் கொண்டுவந்து கம்பியின் ஓரத்தில் வைத்து இழுத்தான். வழுக்கியது. மறுபடி இழுத்தான். அதன் பல் கம்பியில் பதியவே இல்லை. இரு கையாலும் அழுத்தி இழுத்தபோது பிளேடு ஒடிந்து அவன் உள்ளங்கையில் இறங்கியது. வேறு பிளேடு போட்டான். அதுவும் ஒடிந்தது. சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தான். காம்பு மட்டும் கையில் நின்றது. சுத்தியல் தலை பறந்துபோய் அலமாரிக் கண்ணாடியில் விழுந்தது.

"வந்து தொலையேன்!" என்று கத்தினான். "நான் என்ன செய்தேன்? பாலம் நானா கட்டணும்? அவனைப் போய்க் கேளேன்! அவனைக் கேளு!"

கூரைத் தகரத்தில் ஒரு சத்தம்.

டக்.

ஒரே ஒரு துளி.

அவன் அசையவில்லை. அடுத்தது விழவில்லை. விழாதிருக்கட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டான். கட்டிலில் கைப்பேசி இன்னும் அணையாமல் கிடந்தது. அதிலிருந்து மொரெனிகேயின் குரல், சின்னதாக, சந்தோஷமாக வந்தது. "என்னங்க, அங்க வந்துடுச்சா? இங்க ஒரு துளி விழுந்துச்சு!"

டக்.

டக். டக்.

பிறகு கூரை முழுக்க ஒரேயடியாக இறங்கியது. மின்சாரம் போயிற்று. கைப்பேசியின் வெளிச்சம் கொஞ்ச நேரம் கூரையில் நின்றது. அதுவும் போயிற்று.

ஈர மண் வாசனை வரவில்லை. ஆற்றுச் சேற்றின் வாசனை வந்தது. நனைந்த பள்ளிப் பைகளின் வாசனை. டீசல்.

மின்னல் வெட்டியபோது கம்பியில் ஒரு கை இருந்தது.

சின்னக் கை. நகத்தில் மை.

வெளியிலிருந்து வந்த கை என்றுதான் முதலில் நினைத்தான். வெளியே யாரும் இல்லை. ஜன்னலுக்கு அப்பால் வெறும் தண்ணீர். கை அவன் பக்கமிருந்து நீண்டிருந்தது. அவன் விலாவை ஒட்டி. அவனுக்குப் பின்னாலிருந்து.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

இடப்பக்கமிருந்து இன்னொன்று வந்து பிடித்தது. அவன் அக்குளுக்குக் கீழிருந்து ஒன்று. தோளுக்கு மேலிருந்து ஒன்று. முதுகில் சில்லென்று ஒரு நெற்றி சாய்ந்தது. ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு உட்காரும் சத்தம். யாரோ சின்னதாக இருமினார்கள்.

கம்பி முழுக்கக் கைகள்.

தரை முன்பக்கமாகச் சாய்ந்தது.

மெதுவாக. கட்டில் நகர்ந்து அவன் காலில் முட்டியது. கண்ணாடிச் சில்லுகள் ஜன்னலை நோக்கி ஓடின. சுவர் முனகியது. தகரம் முனகியது. கீழே, வெகு கீழே, ஆறு.

அவன் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினான். இடம் இல்லை.

அப்போது நடுவிலிருந்த விரல்கள் நகர்ந்தன. ஒவ்வொன்றாக. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். வழவழப்பான இரும்பில் ஒரு இடைவெளி விட்டன. அது ஒரு கை பிடிக்கப் போதாது.

ஒரு வாய் அளவு இருந்தது.